மறுத்துப் பேசும் குணம் எங்கிருந்து வருகிறது?

சென்னையை அடுத்த நாவலூரிலும் அதற்குத் தெற்கே சிறுசேரி சிப்காட்டிலும் உள்ள ஐடி அலுவலகங்களில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பும் நேரத்தில்தான் ஐரோப்பா வேலைக்கு வந்து சேரும். ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அதற்குப் பிறகு இருட்டும் வரை ஸ்டேட்டஸ் கால்கள். இந்த அழைப்புகளுக்குப் பழக்கப்படுத்த, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அரை நாள் வகுப்பு எடுப்பதும் இத்துறையில் வழக்கமாகிவிட்டது. ஜெர்மானியர் பட்டென்று பேசுவார்கள், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். டச்சுக்காரர் அவர்களையும் மிஞ்சுவார். ஆங்கிலேயர் பாராட்டித் தொடங்கினால் பின்னால் குறை வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரரிடம் வணக்கம் சொல்லாமல் வேலைப் பேச்சை எடுக்காதீர்கள். ஆகஸ்ட் மாதம் அங்கே யாரும் அகப்பட மாட்டார்கள். இப்படி ஒவ்வொரு நாட்டையும் சொல்லி முடித்து, கடைசியில் நம்மைப் பற்றியும் ஒரு வரி வரும்: இந்தியர் எதையும் மறுக்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசி நாளில் கையை விரிப்பார்கள்.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த அறைகளில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ரிலீஸ் போய்விடுமா என்று மியூனிக்கிலிருந்து ஒருவர் கேட்கிறார். போகாது என்பது மேசையைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சோதித்துப் பார்க்க வேண்டிய பகுதியே இன்னும் கைக்கு வரவில்லை. ஒருவர் மியூட்டை அழுத்துகிறார். தாழ்ந்த குரலில் தமிழில் நாலு வார்த்தை. எல்லோர் கண்ணும் டெலிவரி மேனேஜரின் முகத்துக்குப் போகிறது. மியூட் எடுக்கப்பட்டதும் ‘முயற்சி செய்கிறோம்’ என்று பதில் போகிறது. அந்தப் பக்கம் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். வியாழன் இரவு எஸ்கலேஷன் வந்து விழுகிறது.

நம் குணமே இப்படித்தான், ரத்தத்தில் ஊறியது என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்ப்பைத்தான் நான் ஏற்கவில்லை. ஐரோப்பியர் குணம், ஆசியர் குணம் என்று பிரித்துப் பேசிய ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: மறுத்துப் பேசுகிறவர் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறதோ, அந்த விலைதான் காலப்போக்கில் ஓர் ஊரின் குணம் என்று பெயர் பெறுகிறது.

இந்தக் கடற்கரைக்கு ஐரோப்பியர் புதியவர்கள் இல்லை. நாவலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கோவளத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்டு வணிகர்கள் களம் அமைத்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கோட்டை இன்றும் நிற்கிறது. உள்ளே செதுக்கு வேலை மிகுந்த கல்லறைகள். மேலதிகாரி, கீழதிகாரி வேற்றுமை பாராட்டாத நாடு என்று இன்றைய வகுப்புகளில் பெயர் வாங்கும் அதே நெதர்லாந்தின் கம்பெனிதான் இந்தக் கோட்டையை ஆண்டது. அந்தக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவில் 1754-ல் ஓர் ஆணை பிறந்தது. யார் எந்த வண்டியில் போகலாம், யாருக்கு ஆள் குடை பிடிக்கலாம், எந்தப் பதவியில் இருப்பவரின் மனைவி எந்த நகை அணியலாம் என்றெல்லாம் வரிசை வரிசையாக அதில் விதித்திருந்தார்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பைப் படித்தாலும் இதே கதைதான். யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது, யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்பதில் பிரெஞ்சு துரைகள் காட்டிய கவனம் அவர் பேனாவுக்குத் தப்பவில்லை.

இரு பக்கத்துப் பழக்கங்களையும் எழுத்தில் ஒப்பிடும் வேலையும் இந்தக் கரையில் 300 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருடன் இருந்தவர்களும் கற்றறிந்த தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். 1712-க்கும் 1714-க்கும் இடையே வந்த அந்தக் கடிதங்கள், தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை, ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தமிழர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் எழுதினார்கள்: உங்கள் வேதம் நல்லதைச் சொல்லலாம், ஆனால் நீங்கள் பசுவைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், உடல் சுத்தம் பேணுவதில்லை. பட்டென்று பேசுவது ஜெர்மானியரின் தனிச்சொத்து என்று நம்புகிறவர்கள் இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டும். எழுதியவர்களுக்கு அன்று அந்தப் பாதிரிமாரிடம் இழக்க எதுவும் இருக்கவில்லை. சம்பளம் இல்லை, அப்ரைசல் இல்லை. கேட்டார்கள், சொன்னார்கள்.

எதிர்த்திசையில் வந்த நூல்களில் புகழ்பெற்றது, 1816-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஆபே துய்புவாவின் நூல். நம் சடங்குகளையும் பழக்கவழக்கங்களையும் பற்றிய அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியே விலை கொடுத்து வாங்கியது. அதன் பெரும்பகுதி தமக்கு முன்பிருந்த கூர்தூ என்ற பாதிரியாரின் எழுத்தைத் தழுவியது என்பது பின்னாளில் தெரியவந்தது. அந்தக் காலத்து ஒப்பீடுகள் பெரும்பாலும் தன் பக்கத்து இலட்சியத்தை எடுத்து எதிராளியின் தெருவோடு ஒப்பிட்டவை. அந்தப் பிழை இன்றும் போகவில்லை.

20ஆம் நூற்றாண்டில் இந்த ஒப்பீடு எண்களுக்குள் நுழைந்தது. வழிகாட்டியவர் அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்டு ஹால். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிலேயே வைக்கும் சமூகங்கள், இடம், உறவு, மௌனம் ஆகியவற்றில் பாதியை வைக்கும் சமூகங்கள் என்று அவர் பிரித்தார். ஜெர்மானியரையும் ஸ்விஸ்காரரையும் முதல் வகையிலும், ஜப்பானியரையும் அரபு மக்களையும் இரண்டாம் வகையிலும் வைத்தார். மியூட் அழுத்தப்பட்ட அந்த நாலு வினாடியைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

ஆனால் இன்று உலகெங்கும் நிறுவன வகுப்புகளில் காட்டப்படும் எண்கள் கீர்ட் ஹோஃப்ஸ்டெடே என்ற டச்சுக்காரருடையவை. ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படிவங்களை வைத்து அவர் 1980-ல் நூல் எழுதினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான தூரத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பதற்கு அவர் ஓர் அளவுகோல் செய்தார். இந்தியா 77, டென்மார்க் 18, ஆஸ்திரியா 11. அந்த வகுப்புகள் இதைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அதே பட்டியலில் பிரான்ஸ் 68, பெல்ஜியம் 65 என்று இருப்பதைச் சொல்வதில்லை. இந்த எண்களின்படி பார்த்தால் பாரிஸ் அலுவலகம் கோபன்ஹேகனைவிடச் சென்னைக்குத்தான் நெருக்கம். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களைக் கொண்டு ஒரு தேசத்தின் மனத்தை எப்படி அளக்கலாம் என்று பிரண்டன் மக்ஸ்வீனி 2002-ல் கேட்டார். அந்தக் கேள்விக்கு நிறைவான பதில் இன்னும் வரவில்லை என்றே கருதுகிறேன். 1960-களின் இறுதியில் இந்தியாவில் ஐபிஎம்மில் வேலை பார்த்தவர்கள், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏர் உழுபவரையோ வலை இழுப்பவரையோ பிரதிநிதித்துவப்படுத்தியிருக்க முடியாது.

ஐரோப்பா என்று ஒற்றைச் சொல்லில் பேசுவது எவ்வளவு தவறு என்பதை மற்ற ஆய்வுகள் இன்னும் துலக்கமாகக் காட்டுகின்றன. ‘பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?’ என்பது 1981 முதல் நடந்துவரும் உலக மதிப்பீடுகள் ஆய்வில் கேட்கப்படும் கேள்வி. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பத்தில் ஏழு பேர் நம்பலாம் என்கிறார்கள். கிரீஸில் பத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை. அல்பேனியா அதற்கும் கீழே. உலகிலேயே அதிகம் நம்புகிறவர்களும் மிகக் குறைவாக நம்புகிறவர்களும் ஒரே கண்டத்தில் அடுத்தடுத்து வாழ்கிறார்கள்.

2008-ல் வந்த மற்றோர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 16 நகரங்களில் மாணவர்களை நால்வர் நால்வராகச் சேர்த்து ஓர் ஆட்டம் ஆடவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் 20 வில்லைகள். பொதுப் பானையில் போட்டால் அது பெருகி எல்லோருக்கும் சமமாகப் பிரியும். போடாமல் வைத்துக்கொண்டால் அது தனக்கு, அதோடு மற்றவர் போட்டதிலும் பங்கு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், தன் கைக்காசைச் செலவழித்து அடுத்தவரைத் தண்டிக்கலாம். பாஸ்டனிலும் நாட்டிங்ஹாமிலும் பெரும்பாலும் பானையில் போடாதவர்தான் தண்டிக்கப்பட்டார். மஸ்கட்டிலும் ஏதென்ஸிலும் நிறையப் போட்டவரையும் சேர்த்துத் தண்டித்தார்கள். நீ யார் பெரிய நல்லவன் என்பதுபோல. ஐரோப்பிய நாகரிகத்தின் தொட்டில் என்று பாடப்புத்தகங்கள் புகழும் ஏதென்ஸ், இந்த ஆட்டத்தில் கோபன்ஹேகனுக்கு அருகில் இல்லை, மஸ்கட்டுக்கு அருகில் நின்றது. சட்டத்தின் மேல் நம்பிக்கை குறைந்த இடங்களில் இந்தப் பழிவாங்கல் அதிகம் என்பது ஆய்வாளர்கள் கண்டது.

மிஷல் கெல்ஃபண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-ல் 33 நாடுகளை, நெறி மீறலைப் பொறுக்காத இறுக்கமான சமூகங்கள், பொறுக்கும் தளர்வான சமூகங்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். பாகிஸ்தான், மலேசியா, இந்தியா, சிங்கப்பூர், தென்கொரியா இறுக்கத்தில் முன்னணி. உக்ரைன், எஸ்டோனியா, ஹங்கேரி, நெதர்லாந்து தளர்வில். ஆனால் நார்வே, ஜப்பானையும் சீனாவையும்விட இறுக்கமானது என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. கிழக்கு மேற்கு என்று கோடு கிழிப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

சரி, வேற்றுமை இருக்கிறது. அதற்குக் காரணம் என்ன? தட்பவெப்பம் என்றார் 1748-ல் மாண்டெஸ்கியூ. குளிர் மனிதனைச் சுறுசுறுப்பாக்கும், வெயில் சோம்பேறியாக்கும் என்ற அந்தக் கருத்து வெள்ளைக்கார ஆட்சிக்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு மதிப்பு இல்லை. சமயம் என்றார் மாக்ஸ் வேபர், புராட்டஸ்டண்ட் அறத்தைப் பற்றிய 1904-05 கட்டுரைகளில். இன்று அதிகம் பேசப்படுவது ஜோசப் ஹென்ரிச் 2020-ல் எழுதிய நூல். அதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நேராக நம் வீட்டுக்குள் வருகிறது.

அவர் சொல்வது இது. இடைக்கால ஐரோப்பாவில் திருச்சபை, உறவுக்குள் கல்யாணம் செய்வதைப் படிப்படியாகத் தடுத்தது. 11ஆம் நூற்றாண்டில் ஏழு தலைமுறை உறவு வரைக்கும் தடை நீண்டது. 1215-ல்தான் அது நாலாகக் குறைந்தது. உறவுக்குள் பெண் எடுக்க முடியாதபோது குலம் உடைந்தது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனார்கள், அறிமுகம் இல்லாதவரோடு சங்கமும் நகரமும் ஒப்பந்தமும் கட்டினார்கள். அதிலிருந்து தனிமனித மனப்பான்மையும் முன்பின் தெரியாதவரை நம்பும் பழக்கமும் வளர்ந்தன. ஜான் ஹஜ்னல் 1965-லேயே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து திரியஸ்தே வரை ஒரு கோடு இழுத்து, அதற்கு மேற்கே மக்கள் தாமதமாகக் கல்யாணம் செய்தார்கள், பலர் செய்யாமலே இருந்தார்கள் என்று காட்டியிருந்தார். ஆகவே இந்தக் கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆனால் மாமன் மகளும் அத்தை மகனும் முறையானவர்கள் என்று இன்றும் கருதும் தமிழ்நாடு இதற்கு நேர் மறுபுறத்தில் நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் சொந்தத்துக்குள் மணந்தவர்கள். இந்தியாவிலேயே மிக அதிகம் என்று சொல்லத்தக்க அளவு. வட இந்தியாவின் பெரும்பகுதியில் இந்துக் குடும்பங்களில் இப்படி மணப்பதே இல்லை. ஹென்ரிச்சின் கருத்து நேராகப் பொருந்துமானால் பொதுநலம், பொதுச்சேவை, தெரியாதவர்பால் அக்கறை ஆகியவற்றில் வடக்கு முந்தியும் நாம் பிந்தியும் இருக்க வேண்டும். ரேஷன் கடையும் சத்துணவும் அரசு மருத்துவமனையும் எங்கே ஒழுங்காக நடக்கின்றன என்று அமர்த்தியா சென்னும் ஜான் டிரீஸும் 2013-ல் எழுதிய நூலைப் புரட்டினால் தமிழ்நாட்டின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னும் பக்கத்தில் வந்து பார்ப்போம். 2008 செப்டம்பரில், இதே செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர் தம்பதியர், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு முன்பின் தெரியாத ஒரு சிறுமிக்கு அவன் இதயம் போயிற்று. சென்னையின் நெரிசலில் போலீஸார் வழி ஒதுக்கித் தர, இதயத்தை ஏற்றிய வண்டி நகரத்தைக் கடந்தது. அந்த ஆண்டே அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் வேகம் பிடித்தது. இன்று மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. அத்தை மகனைக் கட்டிக்கொள்ளும் ஊர் தெரியாதவருக்கு இதயத்தைக் கொடுக்காது என்று எந்தக் கோட்பாடு சொன்னாலும் அது திருக்கழுக்குன்றத்தில் நிற்காது.

அதற்கும் ஆயிரம் ஆண்டு முன்னால் போனால் உத்திரமேரூர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய சிற்றன்னை மக்களும் அத்தை மக்களும் மாமனும் உட்பட நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. உறவின் பலம் எவ்வளவு என்று தெரிந்தவர்கள்தான் உறவுக்கு வேலி போட முடியும். அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விதி எழுதத் தெரிந்திருந்தது. அது யாருக்கெல்லாம் பொருந்தும் என்பதில்தான் குறை.

இங்கேதான் லூயி துய்மோன் பெயரை எடுக்க வேண்டும். 1949-50-ல் மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சுக்காரர் அவர். 1966-ல் எழுதிய நூலில், ஐரோப்பாவின் அடிப்படை மதிப்பு சமத்துவம், இந்தியாவின் அடிப்படை மதிப்பு படிநிலை என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். அறிவு நுட்பம் மிக்க நூல். ஆனால் படிநிலையை எல்லோரும் மனமொப்பி வாழ்ந்த ஓர் ஒழுங்காக அது காட்டுகிறது. செங்கல்பட்டு வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது. 1891-ல் இம்மாவட்டக் கலெக்டர் டிரெமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையில், தாழ்த்தப்பட்ட உழைப்பாளிகள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் இருப்பதையும், கடனால் கட்டுண்டு கிடப்பதையும் விவரித்தார். எதிர்த்துப் பேசினால் குடியிருக்கும் இடம் போய்விடும். அப்படிப்பட்டவர் தலைகுனிந்து நின்றதைப் பண்பாடு என்றும் குணம் என்றும் சொல்வது அநியாயம். அந்த அறிக்கையின் விளைவாக 1892 முதல் தாழ்த்தப்பட்டோருக்கு வழங்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். அவை பெருமளவு கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கோரி 1994-ல் இம்மாவட்டத்துக் காரணையில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, இருவர் உயிரிழந்தார்கள். மறுத்துப் பேசுவதன் விலை இந்த மண்ணில் உயிராகவும் இருந்திருக்கிறது. ஹோஃப்ஸ்டெடேயின் 77 என்ற எண்ணுக்குள் இது எதுவும் தெரியாது.

அதே மண்ணில் வேறு வகை மனிதர்களும் உண்டு. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவக் குப்பங்களில் பிடிபட்ட மீனின் பணம் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரிகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் தங்கள் வாதத்தை உரக்கவே வைக்கிறார்கள். மார்ட்டன் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் சோழமண்டலக் கரையில் தங்கி எழுதிய 2001-ஆம் ஆண்டு நூல், இந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் கடலுக்குக் கெடுதல் என்று கருதும் வலைகளைத் தாங்களாகவே தடை செய்வதை விரிவாகக் காட்டுகிறது. கூட்டாளியாகப் பங்கு வாங்குகிறவர், கூலியாக நிற்பவரைப்போல் பேச வேண்டியதில்லை. குப்பத்துக்கும் நெல்வயல் ஊருக்கும் இடையே சில மைல்கள்தான் தூரம். தட்பவெப்பம் ஒன்று, மொழி ஒன்று.

இனி நாவலூர் அறைக்குத் திரும்பலாம். மியூனிக்கில் அழைப்பில் இருக்கும் பொறியாளர் நினைத்ததைப் பேசுகிறார். அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூட ஊழியர் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது ஜெர்மனியின் 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் இருப்பவரை எளிதில் வேலையை விட்டு எடுக்க முடியாது. 2,000 பேருக்கு மேல் உள்ள கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு என்கிறது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை போனால் உதவித்தொகை, நோய்க்குக் காப்பீடு, முதுமைக்கு ஓய்வூதியம். ஆகஸ்டில் பாரிஸ் காலியாவது அவர்கள் உல்லாசப் பிரியர்கள் என்பதால் வந்ததில்லை. 1936-ல் பிரான்சில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து வாங்கியது அந்த ஊதிய விடுப்பு. அன்று இரண்டு வாரம், 1982-ல் ஐந்து வாரம். இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் குறைந்தது நாலு வாரம் என்பது சட்டம்.

நம் பக்கத்தில் ஐடி துறையில் மூன்று மாத நோட்டீஸ் பீரியட் சாதாரணம். அந்த அறையில் குறிப்பு எழுதியபடி உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞருக்குச் சம்பளத்தில் பாதி வீட்டுக்கடன் தவணைக்குப் போகிறது. ஊரில் அப்பாவின் மருந்து, தங்கையின் படிப்பு. ஆன்சைட் வாய்ப்பைத் தருவதும் பெஞ்சில் உட்கார வைப்பதும் எதிரே இருக்கிற மேனேஜரின் கையில். அந்த மேனேஜரும் கிளையண்ட்டை இழக்க அஞ்சுகிறவர்தான். அந்த இளைஞரும் மியூனிக் பொறியாளரும் இடம் மாறி உட்கார்ந்தால், பொறியாளரும் மியூட்டைத்தான் தேடுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சட்டம் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதும் உண்மை. பிரான்சில் சட்டப் பாதுகாப்பு வலுவானது, ஆனாலும் அலுவலகப் படிநிலை இறுக்கமாகவே இருக்கிறது. அங்கே எதிர்ப்பு அறைக்குள் தனியாளாக எழுவதைவிடத் தெருவில் கூட்டமாக எழுகிறது. பழக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பழக்கமும் மாறும்.

எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. ஆலைகளின் காலம் நிலைபெறும்வரை இங்கிலாந்தின் கைவினைஞர்கள் திங்கட்கிழமைகளில் வேலைக்குப் போகாமல் குடித்துக் கிடப்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார்கள் என்று இ.பி. தாம்ப்சன் 1967-ல் எழுதினார். ஆலைச் சங்கும் அபராதமும்தான் அவர்களை மணிக்குப் பழக்கின. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனிக்குப் போன ஆங்கிலேயர்கள், ஜெர்மானியரை மந்தமானவர்கள், அவசரம் அறியாதவர்கள் என்று எழுதிவைத்ததையும், 1915-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆலோசகர் ஜப்பானியரைச் சோம்பலானவர்கள் என்று சொன்னதையும் ஹா-ஜூன் சாங் எடுத்துக் காட்டியிருக்கிறார். பேரம் பேசாமல் எழுதிய விலையைக் கொடுப்பதும் அப்படித்தான். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் கல் பிள்ளையாருக்குப் பேரம் பேசச் சங்கடப்படும் பிரெஞ்சுப் பயணியின் முன்னோர்கள் பேரம் பேசித்தான் வாங்கினார்கள். பாரிஸின் பான் மார்ஷே கடை 1852-க்குப் பிறகு நிலையான விலைச்சீட்டை ஒட்டிப் பரப்பிய பழக்கம் அது.

மற்றொரு சாட்சி நம்மவர்களே. 1983-க்குப் பிறகு ஸ்விட்சர்லாந்துக்கு அகதிகளாகப் போன ஈழத்தமிழரை அங்குள்ள பத்திரிகைகள் தொடக்கத்தில் சந்தேகத்தோடு பார்த்தன. போதைப்பொருள் விற்பவர்கள் என்றுகூட எழுதின. உணவக அடுக்களைகளிலும் மருத்துவமனைகளிலும் அவர்கள் உழைத்த இருபது ஆண்டுகளில் அதே மக்கள் கடும் உழைப்பாளிகள், ஒழுங்கானவர்கள் என்று பேர் எடுத்தார்கள். இன்று அங்கே ஐம்பதாயிரம் அளவில் தமிழர் இருக்கிறார்கள். பெர்ன் நகரில் 2014-ல் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்தில் சைவநெறிக்கூடத்தின் கோயிலில் தமிழிலேயே பூசை நடக்கிறது, பெண்களும் கருவறையில் நின்று பூசை செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நார்வே போன கம்சாயினி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோவின் துணை மேயரானார், 2021-ல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். மறுத்துப் பேசுவதே தொழிலான இடம் அது.

ஐரோப்பிய நெறிகள் எல்லாம் மேலானவை என்று நான் சொல்ல வரவில்லை. நார்வேயில் 2011-ல் ஓர் இந்தியக் குடும்பத்தின் இரு குழந்தைகளைக் குழந்தை நலத்துறை எடுத்துக்கொண்டது. கையால் ஊட்டியதும் ஒரே படுக்கையில் உறங்க வைத்ததும் குற்றமாகப் பார்க்கப்பட்டன என்று பெற்றோர் கூறினார்கள். இரு அரசுகளும் பேசி, 2012-ல் குழந்தைகள் இந்தியாவில் உள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தார்கள். தன் வீட்டு நெறியை உலக நெறி என்று ஓர் அலுவலகம் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். தனிமையைக் கவனிக்க 2018-ல் பிரிட்டன் ஓர் அமைச்சரை நியமிக்க நேர்ந்ததும் அதே கண்டத்தின் கதைதான். உறவின் கட்டிலிருந்து விடுபட்டவர்கள் அதற்கும் ஒரு விலை கொடுக்கிறார்கள்.

ராஜீவ்காந்தி சாலை நெடுகிலும் அந்த அரை நாள் வகுப்பை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜெர்மானியர் நேரடியானவர், இந்தியர் தலையாட்டுபவர் என்ற பக்கத்துக்குப் பக்கத்திலேயே 1936, 1972, 1976 என்ற ஆண்டுகளையும் அச்சிட்டுக் காட்டுங்கள். முடியாத வேலையை முதல் நாளே முடியாது என்று சொன்னவருக்கு அப்ரைசலில் மதிப்பெண் குறையாது என்று எழுதிக் கொடுங்கள். நோட்டீஸ் பீரியடை ஒரு மாதமாக்குங்கள். ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அழைப்பில் இருக்கும் இளைஞர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.